மூன்று கார்டுக்கும் ஐந்தே வார்த்தை

பேசத் தெரியாத பெட்டிகளைப் பேசவைக்கிற தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டில் அதிகம் பேசாதவர்கள். நானும் அப்படித்தான். எண்பதுகளின் நடுவில், அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறையில், தனபாலன் சார் என்ற இன்ஜினியர் நடத்திய சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அவரையும் சேர்த்து நாங்கள் மொத்தம் நாலு பேர். பால் குளிரூட்டும் நிலையங்களில் வைப்பதற்கு ஒரு பெட்டி செய்தோம். தொட்டியில் இருக்கும் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை மதுரைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நம்பி மோசம்போனவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. ரேடியோ ரிப்பேர் கடையில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தவன். மைக்ரோபிராசஸரை, புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அதில் முதல் நாற்பது பக்கம் கிடையாது. அந்த நாற்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ப்ரோக்ராமில் தப்பு வரும்போதெல்லாம், அதற்கான பதில் அங்கேதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று கார்டு, மூன்று குணம்

எங்கள் பெட்டியின் பின்பக்கம் ஒரு நீளமான பொந்து இருக்கும். செய்தி அனுப்புகிற கார்டை அதில் செருக வேண்டும். போன் உள்ள ஊருக்கு டெலிபோன் கார்டு. போன் இல்லாத ஊருக்கு வயர்லெஸ் கார்டு. கூப்பிடு தூரத்தில் இருந்தால் சாதாரணக் கம்பி கார்டு. டெலிபோன் கார்டுக்கு முதலில் நம்பர் கொடுக்க வேண்டும். வயர்லெஸ் கார்டுக்கு நம்பரே கிடையாது, ஆனால் காற்றில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுத்திருக்கும். கம்பி கார்டு யாரையும் எதுவும் கேட்காது, கொடுத்ததை அப்படியே கொட்டிவிடும். மூன்றுக்கும் நான் மூன்று ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தேன். உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கும் எழுமலை நிலையத்துக்குப் போன பெட்டியில் ஒரு ப்ரோக்ராமும் இன்னொரு கார்டும் மாறிப் போய்விட, அந்தப் பெட்டி வயர்லெஸ் கார்டிடம் மூன்று நாள் விடாமல் டெலிபோன் நம்பர் சுழற்றிக்கொண்டிருந்தது.

பால் சங்கத்து இன்ஜினியர் ராமசுப்பு விஷயத்தைக் கேள்விப்பட்டு நேரிலேயே வந்துவிட்டார். கோபப்படவில்லை. தீபாவளி கழித்து மறுபடி வருவதாகச் சொன்னார். ஒரு கார்டைத் தன் கையாலேயே பிடுங்குவாராம், வேறொன்றைத் தன் கையாலேயே செருகுவாராம், நாங்கள் யாரும் ப்ரோக்ராமைத் தொடக் கூடாதாம். அது நடந்தால் பதினோரு ஊருக்கு எங்கள் பெட்டி. நடக்காவிட்டால் பம்பாயில் ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது. அந்த ஆர்டர் வராவிட்டால் மாடியைப் பூட்டிச் சாவியை லேத் பட்டறைக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான் என்று தனபாலன் சார் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் பழைய ரேடியோ கடைக்கும் திரும்ப முடியாது, அங்கே என் முக்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார். ராமசுப்பு படியிறங்கும்போது பாதியில் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "டீக்கடையில கிளாஸ மாத்துனா டீ மாஸ்டரையுமாங்க மாத்துறோம்?"

காலண்டர் தாள்

என் மனைவி தெய்வானை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் ஆபரேட்டராக இருந்தாள். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் பலகையில் கம்பியைச் செருகி இணைத்துக் கொடுத்தால்தான் பேச முடியும். ராமசுப்பு வந்துபோன அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போய், ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. பேச வந்தவர் வெங்காய மண்டிக்காரரா, காலேஜ் வாத்தியாரா, மகனுக்குப் பெண் பார்த்த சந்தோஷத்தில் இருக்கிறவரா என்ற வித்தியாசமே இல்லை. எல்லோரிடமும் அதே ஐந்து வாக்கியம். நம்பர் சொல்லுங்க. பேசுங்க. அவங்க சொல்றதைக் கேளுங்க. லைன்ல இருக்கீங்களா. முடிஞ்சிருச்சா, எடுத்துரட்டுமா. எதிர்ப்பக்கம் எந்த ஊர், எந்தக் கம்பி, வழியில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவள் கைக்கும் பலகைக்கும் நடுவில் முடிந்துபோயின. பேசுகிறவருக்கு அந்தத் தொல்லை எதுவும் தெரியவில்லை.

வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அது வழக்கம்தான் என்பதால் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கவலைப்படவும் இல்லை. சைக்கிளை நிறுத்திய கையோடு காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினேன்: திற, அனுப்பு, வாங்கு, நிலை, மூடு. எந்தக் கார்டாக இருந்தாலும் ப்ரோக்ராம் இந்த ஐந்து வார்த்தையைத்தான் சொல்லும். அதைத் தன் பாணியில் செய்து முடிப்பது அந்தந்தக் கார்டின் பாடு. இதற்கு இன்று பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது, நாங்கள் 'பொதுப்பேச்சு' என்று சொன்னோம். நான் கிழித்தது நாளைக்கான தாள் என்று முதலில் கண்டித்துவிட்டு, தெய்வானை அதை வாங்கிப் படித்தாள். தன் வேலையைத்தான் எழுதியிருக்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் கேட்டாள்: "அஞ்சும் நீங்க அதுகிட்டக் கேக்குறதாவே இருக்கு. அவசரம்னா நாங்க குறுக்க வருவோமே, அது எங்க?"

மோர் மிளகாய்க்குப் பக்கத்தில்

ஐந்து போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஐந்து என்பது விரலுக்கு அடங்குகிற எண், பார்க்கவும் அழகாக இருந்தது. இப்படி அழகுக்காக ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் பிறகு அவதிப்பட்டவர்கள் என்னை மன்னிப்பீர்கள்.

ப்ரோக்ராமை ஒரு சிப்பில் எழுதுவோம். அந்தச் சிப்பின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க வேண்டுமானால் அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும். அதற்கான விளக்கு எங்களிடம் ஒன்று இருந்து, அதுவும் போய்விட்டது. ஆகவே மதுரை வெயிலை நம்பினோம். சிப்புகளைத் தாம்பாளத்தில் பரப்பி எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தெய்வானை காயவைத்த மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் வைப்பேன். ஒரு வாரம் காய்ந்தால் அழிந்துவிடும். ஒரு காக்கா, மிளகாயை விட்டுவிட்டுச் சிப்பைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பக்கமும் கால் காலாக நீட்டிக்கொண்டிருக்கும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டம்மாள், உங்கள் வீட்டுக்காரர் பூரான் காயப்போட்டிருக்கிறாரே, எந்த வியாதிக்கு மருந்து என்று தெய்வானையிடம் விசாரித்தார்.

ஐந்து வார்த்தை ப்ரோக்ராமை ஒரு வழியாக எழுதி முடித்தேன். இனி அந்தச் சிப்பின் ஜன்னலில் வெளிச்சம் படாமல் எதையாவது ஒட்ட வேண்டும். எங்கள் கார்டுகளுக்கெல்லாம் பற்றுவைக்கிற ஜெயராணி, நான் கறுப்பு டேப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தன் கைப்பையிலிருந்து ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஜன்னலின் நடுவில் பார்த்து அழுத்தி ஒட்டினாள். தள்ளிப் பிடித்து அழகு பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்: "பொட்டு வச்சாச்சுண்ணே. இனி இதை எடுக்க வச்சீங்கன்னா அம்புட்டுப் பாவமும் உங்களுக்குத்தான்."

குருவி

டெலிபோன் கார்டு நேராக லைனில் சேராது. இரண்டு ரப்பர் கிண்ணங்கள் இருக்கும், போன் ரிசீவரை அவற்றின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு கிண்ணம் கார்டின் வாய், மற்றது காது. இந்தப் பக்கம் கீச்சென்று கத்தினால் அந்தப் பக்கம் கீச்சென்று பதில் வரும். எழுமலைப் பெட்டிக்கு ஜோடியாக எங்கள் மேஜையிலும் திரையோடு ஒரு பெட்டி இருந்தது, அதிலும் அதே மாதிரி கார்டு. எழுமலைக்கு ட்ரங்க் கால் பதிந்து சோதித்தோம். சரியாக மூன்றாவது நிமிஷத்தில் அறுந்தது. மறுபடி பதிந்தோம், மறுபடி மூன்றாவது நிமிஷம். அறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் திரையில், எழுமலைப் பால் எண்ணூறு டிகிரியில் இருப்பதாக வந்தது. அந்தச் சூட்டில் எழுமலையே மிச்சமிருக்காது. முதல் நாற்பது பக்கத்தை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் ப்ரோக்ராமைக் குடைந்தேன்.

சாப்பிடும்போது தெய்வானையிடம் சொன்னேன். அவளுக்குப் புரையேறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் லைனில் வந்து, நேரத்தை நீட்டிக்கட்டுமா என்று கேட்பது விதி. கேட்கிற பெண்ணுக்குக் கீச்சுச் சத்தம் பதிலாக வரும். லைனில் குருவி புகுந்துவிட்டது என்று அவர்கள் கம்பியைப் பிடுங்கிவிடுவார்களாம். அதற்குள் அந்தப் பெண் கேட்ட கேள்வியை எங்கள் கார்டு பாலின் சூடாக எழுதிக்கொண்டிருந்தது. மறுநாள் தெய்வானை தன் பிரிவில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள், எழுமலை லைனில் கத்துவது குருவி இல்லை, என் வீட்டுக்காரர்தான் என்று. அந்த வாரம் அவளைக் கூட்டிவரப் போனபோது, அவளுக்குப் பக்கத்துப் பலகைக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் அக்கறையாகச் சொன்னாள்: "இன்னைக்கு ரெண்டு தடவை நல்லாக் கத்துனீங்கண்ணே. நான் குறுக்கயே வரலை."

மூச்சு

வயர்லெஸ் கார்டு சிக்கந்தர் பொறுப்பு. கோரிப்பாளையத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது சின்னவர், ஏரியல் கம்பத்தில் ஏறினால் இறங்க மனமில்லாத ஆள். ஆறாவதாக ஒரு வார்த்தை வேண்டுமென்று என்னிடம் வந்தார். வயர்லெஸ்ஸில் பேசுவதற்கு முன் அரை விநாடி சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் எழுத்து காற்றோடு போய்விடும். ஆகவே 'அனுப்பு' என்பதற்கு முன்னால் 'மூச்சு விடு' என்று ஒரு வார்த்தை. முடியாது என்றேன். அது உங்கள் கார்டின் குணம் பாய், அதைக் கார்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், கம்பி கார்டிடம் போய் மூச்சு விடு என்றால் அது என்ன செய்யும் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

சிக்கந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்து வார்த்தைதானே உங்களுக்குப் பிடிக்கும் என்று, ஒரு வாரம் என்னிடம் அந்த ஐந்தைத் தவிர வேறு பேசவில்லை. காலையில் படியேறி வந்து கதவைக் காட்டி 'திற' என்பார். டீ வந்தால் கிளாஸை நீட்டி 'வாங்கு' என்பார். எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்த அன்று, அந்தக் கோபத்திலும் மனசு கேட்காமல் பக்கத்தில் வந்து, 'நிலை?' என்று விசாரித்தார். ஜெயராணி சிரிப்பை அடக்க முடியாமல் பற்றுக்கோலைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போவாள். எட்டாம் நாள் கார்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஐந்தே வார்த்தையில் ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் வேலை செய்தது. நான் ஏதோ பாராட்ட வாயெடுத்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை: "மூச்சை உள்ளயே வச்சுட்டேண்ணே. விடுறது வெளிய யாருக்கும் தெரியாது. மூடு."

எழுமலையில் ஆயுத பூசை

எழுமலை நிலையத்தில் ஒச்சப்பன் என்று ஒரு ஆபரேட்டர். எங்கள் பெட்டியைக் கொண்டுபோய் வைத்த நாளிலிருந்து அதை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். மாப்ள இன்னைக்குக் கொஞ்சம் சூடா இருக்காப்ல என்று பெட்டியைத் தொட்டுப் பார்த்து எங்களுக்குப் போன் செய்வார். அப்படிப்பட்டவர் காவலில் இருந்த பெட்டி, ஆயுத பூசை அன்று காலையிலிருந்து பதில் சொல்லவில்லை. எத்தனை முறை 'நிலை' கேட்டாலும் அமைதி. சோதனைக்கு நாள் நெருங்கிவிட்டது. தனபாலன் சார் நகத்தைக் கடித்தார். நான் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

பெட்டி துடைத்துப் பளபளவென்று இருந்தது. சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. ப்ளக்கைப் பிடுங்கியிருந்தார். கார்டையும் பிடுங்கி, ஸ்பேனர் சுத்தியல்களோடு வாழையிலையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார். ஆயுதங்களுக்கெல்லாம் இன்று ஓய்வு, மாப்ளைக்கு மட்டும் இல்லையென்றால் நல்லாவா இருக்கும் என்றார். பின்னால் கம்ப்ரஸர் நெற்றியில் பொட்டோடு திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் காட்டினேன். அவர் என் உள்ளங்கையில் பொரிகடலையைக் கொட்டியபடி, எந்த வம்பும் இல்லாமல் எடுத்துச் சொன்னார்: "அதுக்கு லீவு விட்டாப் பால் கெட்டுப்போகும்ணே. உங்க பெட்டிக்கு விட்டேன், ஒண்ணும் கெடலையே."

மனுசர் யாராச்சும் எடுங்க

அந்த வாக்கியத்தைப் பொரிகடலையோடு சேர்த்து மென்றுகொண்டே மதுரைக்கு வந்தேன். தீபாவளி முடிந்த அடுத்த வாரம் ராமசுப்பு வந்தார். எங்கள் சட்டைப் பைகளிலிருந்த ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்து ஜன்னல் கட்டையில் வைக்கச் சொன்னார். சிக்கந்தர் கார்டுகளோடு முதல் பஸ்ஸிலேயே எழுமலைக்குப் போயிருந்தார். தெய்வானை அன்று பகல் டூட்டி. லைன் கிடைத்தது, ஜெயராணி ரிசீவரைக் கிண்ணத்தில் கவிழ்த்தாள், கார்டுகள் கத்தின, திரையில் நாலு டிகிரி என்று வந்தது. ராமசுப்பு எங்கள் மேஜைப் பெட்டியிலிருந்து டெலிபோன் கார்டைத் தன் கையால் பிடுங்கினார். வயர்லெஸ் கார்டைத் தன் கையால் செருகினார். அதே நேரத்தில் எழுமலையில் சிக்கந்தரும் மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் மூச்சு விடவில்லை, கார்டைத் தவிர. நாலு டிகிரி. சிப்பின் பொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ராமசுப்பு வாய்விட்டுச் சிரித்தார். தனபாலன் சார் கீழே ஓடிப்போய் லேத் பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்துக் காப்பியும் வடையும் சொன்னார். நான் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசினேன் என்று ஜெயராணி பிற்பாடு சாட்சி சொல்வாள்.

வடை தின்கிற மும்முரத்தில், ரிசீவரை எடுத்துப் போனில் வைக்க இங்கேயும் யாருக்கும் தோன்றவில்லை, எழுமலையிலும் தோன்றவில்லை. லைன் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துக்குள் கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம். ஜெயராணி வடையைப் புரட்டிப் பார்த்தாள். திடீரென்று அந்தக் கிண்ணத்திலிருந்து என் மனைவியின் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது: "குறுக்க வாரேன், மன்னிக்கணும். எழுமலையில ஒருத்தர் அஞ்சு நிமிசமாக் கத்திக்கிட்டிருக்காரு. மெசின் பேசினது போதும், மனுசர் யாராச்சும் எடுங்க."

ராமசுப்புதான் எடுத்தார். கத்திக்கொண்டிருந்தது ஒச்சப்பன். கம்ப்ரஸரின் பெல்ட் அறுந்து கால் மணி நேரமாகிவிட்டதாம். காலைப் பால் கேன் கேனாக வந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்த நேரம். எங்கள் திரையைப் பார்த்தேன். நாலு டிகிரி என்று சிரித்துக்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் எங்கள் ப்ரோக்ராம் அரை மணிக்கு ஒரு தடவைதான் கேட்கும். எழுமலையில் இருந்த பெட்டிக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது, ஐந்து, ஆறு, எட்டு என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்ததாகச் சிக்கந்தர் பிறகு சொன்னார். நாங்கள் கேட்கவில்லை, ஆகவே அது சொல்லவில்லை. ராமசுப்பு பாலை ஊற்றுவதை நிறுத்தச் சொல்லி, உசிலம்பட்டியிலிருந்து டேங்கர் லாரியை அங்கே திருப்பிவிட்டார். முக்கால் மணி நேரத்தில், பால் தப்பித்தது என்று தகவல் வந்தது.

அதுவரை நாங்கள் வடையைக் கையில் பிடித்தபடி நின்றோம். ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, யார் அந்தம்மா என்று கேட்டார் ராமசுப்பு. தனபாலன் சார் என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன். ராமசுப்பு முடிவைச் சொன்னார்: "கார்டு மாத்துனதுல நீங்க பாஸ். ஆனா உங்க பெட்டி கேட்டாத்தான் சொல்லுது, அந்தம்மா கேக்காமலே சொல்லுச்சு. தை பிறக்கிறதுக்குள்ள பெட்டியையும் அப்படிச் சொல்ல வைங்க, பதினோரு ஊரும் உங்களுக்குத்தான்."

ஆறாவது

ஜெயராணி பொட்டை எடுக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். நானே நகத்தால் கிளப்பி எடுத்தேன். சிப்பைத் தாம்பாளத்தில் வைத்து மாடியில் வைத்தால், அந்த வருஷம் மழை கார்த்திகை முழுக்க நின்று பெய்தது. வெயில் எட்டிப் பார்த்த நேரமெல்லாம் தெய்வானை தாம்பாளத்தை வெளியே வைப்பாள், தூறினால் உள்ளே எடுப்பாள். அந்த மாதம் மிளகாய்க்குக்கூட அவள் அவ்வளவு ஓடவில்லை. பதினெட்டு நாள் ஆனது அழிய. அதற்குள் ஆறாவது வார்த்தையைக் காகிதத்தில் எழுதி முடித்திருந்தேன். முதல் ஐந்தும் ப்ரோக்ராம் கார்டிடம் சொல்வது. ஆறாவது, கார்டு ப்ரோக்ராமிடம் சொல்வது. பெயர் 'குறுக்கே'. மூன்று கார்டுக்கும் அது பொருந்தியது. சிக்கந்தர் என்னை ஒரு வார்த்தை திட்டாமல் ஒரே நாளில் வயர்லெஸ் கார்டில் அதைச் சேர்த்தார். ஐந்தில் முடித்துக்கொண்டவருக்கு ஆறு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மார்கழிக் கடைசியில் ராமசுப்பு வந்து உட்கார்ந்தார். எழுமலையில் ஒச்சப்பன், மாப்ள மானத்தைக் காப்பாத்து என்று சொல்லி, கம்ப்ரஸரைத் தானே நிறுத்தினாராம். இங்கே நாங்கள் எதையும் கேட்கவில்லை. அடுத்த 'நிலை'க்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பால் அரை டிகிரி ஏறியதுமே எங்கள் மேஜையில் மணி அடித்தது. தனபாலன் சார் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார். ராமசுப்பு இங்கேயும் ஒச்சப்பன் அங்கேயும் கார்டை மாற்றினார்கள், மறுபடி அடித்தது. அவர் ஆர்டர் தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தபோது ஜெயராணி சிக்கந்தரிடம் 'வாங்கு' என்றாள்.

அன்று சைக்கிளில் வரும்போதே தெய்வானையிடம் பேசினேன். யாருடைய குரலைக் கேட்டு ஆர்டர் கொடுத்தார் என்று சொன்னேன். ஆறாவது வார்த்தைக்கு ஒரு விதி வைத்திருப்பதையும் விளக்கினேன். கார்டு குறுக்கே வந்தால், ப்ரோக்ராம் என்ன வேலையில் இருந்தாலும் பாதியில் வைத்துவிட்டு, முதலில் அது சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்பலாம். தெப்பக்குளம் திரும்பினோம். பின்னாலிருந்து பதில் வந்தது: "நல்ல ஏற்பாடுங்க. அதை நம்ம வீட்டுலயும் ஒண்ணு மாட்டிருங்க."

மாட்டினேனா என்று அவளைத்தான் கேட்க வேண்டும், அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. எழுமலைப் பெட்டியைப் பல வருஷம் கழித்துக் கழட்டியபோது, ஆர்டர் கிடைத்த பிறகு அதில் போட்டிருந்த அந்தச் சிப்பை ஒச்சப்பன் வெற்றிலைப் பொட்டலம் மாதிரி மடித்து எனக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டாம் முறை ஜெயராணி தர மறுத்துவிட்டதால் அதில் ஒட்டியிருப்பது தெய்வானையின் பொட்டு. இன்னும் உரியவில்லை. ஐந்து வார்த்தையை அவள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு, ஆறாவதை அவள் முதல் நாளே சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாமல், கடைசியில் ஒரு லாரிப் பால் சூடான பிறகு ஆறையும் வரிசையாக எழுதி, அதற்கு வடிவமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் இத்தனை வருஷம் நான் செய்த தொழில்.